சகலையின் சிங்கப்பூர்ப் பை

எனக்கும் என் சகலைக்கும் நடுவில் வயலும் இல்லை, வரப்பும் இல்லை. சண்டை வருவதற்கு ஒரு முகாந்திரமும் கிடையாது. அக்காவை நான் கட்டினேன், தங்கையை அவர் கட்டினார், அவ்வளவுதான். அப்படியிருந்தும் நாலு வருஷம் அவரைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. காரணம் ஒரு பை. தோளில் குறுக்கே மாட்டிக்கொள்கிற பை.

நான் மோட்டார் மெக்கானிக். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே உள்ள ஊர்களில் போர் மோட்டார் நின்றுபோனால் எனக்கு ஆள் வரும். ஆற்றில் தண்ணீர் பிந்திப் பிந்தி வர ஆரம்பித்த காலம் அது. வசதி இருந்தவர்கள் எல்லாரும் போர் போட்டார்கள். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் மோட்டார் கொட்டகை எதுவும் ரோட்டோரத்தில் இருப்பதில்லை. சைக்கிளை வாய்க்கால் பாலத்தில் சாத்திவிட்டு வரப்பில் நடக்க வேண்டும். சம்பா நாற்று நட்ட பிறகு வரப்பு என்பது ஒரு பாதம் அகலம்தான். அதில் வழுக்காமல் போக வேண்டும், தோளில் சாமானும் இருக்க வேண்டும்.

என்னிடம் இருந்தது காக்கி கித்தான் பை. காய்ந்திருக்கும்போதே கனம். மழையில் நனைந்தால் உள்ளே இருக்கிற ஸ்பானர்களைவிடப் பைதான் கனக்கும். அதன் பட்டை அழுத்தி அழுத்தி என் இடது தோளில் கறுப்பாக ஒரு தழும்பு விழுந்திருந்தது. நுகத்தடி மாட்டுக்குத்தான் அந்த இடத்தில் அப்படித் தழும்பு விழும் என்று என் மனைவி சொல்வாள்.

சகலை பத்தாவது வரை படித்தவர். பால் சொசைட்டியில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற வேலை. மொபெட்டில் ஊர் ஊராகப் போவார். சனங்கள் அவரை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை. என்னை 'மோட்டாரு' என்று கூப்பிடுவார்கள். நானும் மறுத்ததில்லை.

எங்கள் மனைவிமாரின் தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தான். போய் மூன்று வருஷம் கழித்து முதல் தடவையாக ஊருக்கு வருவதற்கு முன்னால் இரண்டு வீட்டுக்கும் கடிதம் போட்டிருந்தான். அத்தான்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொல்லியிருந்தான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். விருந்தில் இன்னொரு கரண்டி சோறு என்றால் போதும் போதும் என்று இலைக்கு மேல் கையை விரிப்போம். பரிமாறுகிறவர் அதைக் காதில் வாங்காமல் விரலிடுக்கு வழியாகப் போட்டுவிட்டுப் போவார். இருவருக்கும் மரியாதை. அதுவும் நான் மூத்த மாப்பிள்ளை. வாய்விட்டுக் கேட்டு வாங்கினால் மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்கள்? ஒன்றும் வேண்டாம், நீ நல்லபடியாக வந்தால் போதும் என்று எழுதச் சொன்னேன். மனைவி எழுதினாள். மனதுக்குள் எனக்கு ஒரு பை தேவை என்பது இருந்தது. தம்பிக்குத் தெரியாதா என்ன, என் தோளைப் பார்த்தவன்தானே என்று இருந்துவிட்டேன். கடிதத்துக்கு விரலிடுக்கு கிடையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாமியார் வீட்டில் பெட்டியைத் திறந்த அன்று கூடம் நிறைய ஆள். மூத்த மாப்பிள்ளை என்று என்னைத்தான் முதலில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முதலில் கொடுத்ததும் எனக்குத்தான். ஒரு கைலி, ஒரு பாட்டில் தைலம், ஒரு டார்ச் லைட். நல்ல டார்ச். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு பெட்டியின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து மடிப்பை உதறினான் மைத்துனன்.

"சின்னத்தான், நீங்க எழுதுன பை."

"அட, நான் சும்மா எழுதுனேன் மாப்ள" என்றார் சகலை.

"சும்மாவா? படமே போட்டு அனுப்பியிருந்தீங்க. மூடி எப்பிடி இருக்கணும், பட்டை எத்தனை முழம் வேணும்னு. கடைக்காரன் படத்தைப் பாத்துட்டு நீ டெய்லரான்னு கேக்குறான்."

எல்லாரும் சிரித்தார்கள். சகலையும் சிரித்தார். அவருக்குக் கூச்சமே இல்லை.

"தூக்கிப் பாருங்க. கையில இருக்கறதே தெரியாது. பாய்மரப் படகுத் துணி இது. அங்க பணக்காரங்க பொழுதுபோக்குக்குப் படகு விடுவாங்க. பாய் கிழிஞ்சா தூக்கிப் போட மாட்டாங்க, அதையே வெட்டிப் பையாத் தைக்கிறாங்க. வேலைக்கும் மாட்டிக்கிட்டுப் போறாங்க, லீவுன்னா மலை ஏறவும் அதையே மாட்டிக்கிட்டுப் போறாங்க. மழை உள்ள போகாது."

"பழந்துணியாடா?" என்றார் மாமியார். "மாப்பிள்ளைக்குப் புதுசா வாங்கப்படாதா?"

"அம்மா, புதுப் பையை விட இந்தப் பழந்துணிப் பைதான் வெல கூட."

"அப்ப உங்கப்பா வேட்டி நாலு கெடக்கு, அதையும் கொண்டுபோயி வித்துட்டு வா."

பை கைக்குக் கை மாறி என்னிடம் வந்தது. என் காக்கிப் பையில் பாதி அளவு கனம்கூட இல்லை, கால்வாசி இருக்கும். உள்ளே இரண்டு அறை. பட்டை அகலமாக, தோளை அறுக்காத மாதிரி. குறுக்கே மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். இது வரப்பில் நடக்கிறவனுக்காகச் செய்த பை. மொபெட்டில் போகிறவருக்கு எதற்கு? அடுத்த ஆளிடம் கொடுக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"பெரியத்தான் ஒண்ணும் வேணாம்னுட்டாங்க" என்றான் மைத்துனன் எல்லாரையும் பார்த்து. "அவங்க தங்கமான மனுஷன்."

தங்கமான மனுஷன் டார்ச்சை அழுத்திப் பார்த்தேன். எரிந்தது.

அதற்குப் பிறகு சகலையை அந்தப் பை இல்லாமல் நான் பார்த்ததில்லை. மாட்டுக்குப் போனாலும் பை, கல்யாணத்துக்குப் போனாலும் பை. ஒரு சாவு வீட்டில்கூட மாலையை அதிலிருந்துதான் எடுத்துப் போட்டார். மழையில் ஒதுங்குகிற இடத்தில் நான் காக்கிப் பையைப் பிழிந்துகொண்டிருப்பேன். அவர் தன் பையை ஒரு உதறு உதறுவார். தண்ணீர் முத்து முத்தாகத் தெறித்துவிடும். உள்ளிருந்து ஊசிக் கணக்கு எழுதுகிற ரெஜிஸ்டரை எடுத்துக் காட்டுவார், ஒரு பக்கம்கூட நனைந்திருக்காது.

"சகலை, உங்க பையைப் பாத்தா எனக்கே தோள் வலிக்குது" என்று ஒரு தடவை டீக்கடையில் சொன்னார். "நீங்களும் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்."

"பழகிப்போச்சு சகலை" என்றேன்.

அந்தப் பை அறுந்து விழ வேண்டும் என்று நான் நினைத்திருக்கிறேன். எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் வண்டியிலிருந்து விழ வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பை மட்டும்.

ஒரு காதுகுத்து வீட்டில் அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம், ஆணியில் மாட்டியிருந்த பையை நூல் வைத்து அளந்தேன். நீளம், அகலம், மூடியின் இறக்கம், மூன்றுக்கும் மூன்று முடிச்சுப் போட்டு நூலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நல்ல உரச்சாக்கு ஒன்று வீட்டில் கிடந்தது. அதுவும் கனமில்லாதது, மழை தாங்கக்கூடியது. பழசை வெட்டிச் சிங்கப்பூர்க்காரன் தைக்கலாம் என்றால் நானும் தைக்கலாம். தையல்காரர் நூலையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்குண்ணே இது?"

"எனக்குத்தான்."

"நான் ஏதோ மாட்டுக்கு வாய்க்கூடுன்னு நெனச்சேன்."

பை நன்றாகத்தான் வந்தது. பத்து நாள் அதை மாட்டிக்கொண்டு நடந்தேன். தோளில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. பதினோராவது நாள் ஒரு மிராசுதார் கொட்டகையில் அவர் பையைத் தொட்டுப் பார்த்து, "இதுவும் சிங்கப்பூரா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டேன். ஸ்பானர் எடுக்க மூடியைத் தூக்கியபோது அதன் உள்பக்கம் சிவப்பு எழுத்தில் 'பொட்டாஷ்' என்று கொட்டை கொட்டையாக இருந்தது.

"பரவால்லையே" என்றார் மிராசுதார். "சிங்கப்பூர்க்காரன் தமிழ்லயே எழுதி விக்கிறான்."

அந்த ஊரில் இன்றைக்கும் எனக்குப் பொட்டாஷ் என்று பெயர். அதோடு போகவில்லை. தைத்துப் போட்டுக்கொள்கிற அவசரத்தில் சாக்கை மாட்டுத் தொட்டியில் ஒரு தடவை அலசியதோடு சரி. பொட்டாஷ் உப்பு மாதிரி, ஈரத்தை இழுக்கும். தையல் மடிப்பில் இருந்தது எல்லாம் கசிந்து ஒரே மாதத்தில் என் ஸ்பானர்கள் துருப் பிடித்துவிட்டன. எந்த வயல்காரனும் உரச்சாக்கில் இரும்பைப் போட்டு வைக்க மாட்டான். நான் போட்டேன். மறுபடி காக்கிப் பைக்கே வந்து சேர்ந்தேன்.

நாலாவது வருஷம் ஐப்பசியில் சகலையும் அவர் மனைவியும் பிள்ளைக்கு முடி இறக்க நாகூருக்குப் புறப்பட்டார்கள். பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான். எங்கள் வீட்டில் இறங்கி, பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"கூட்டத்துல பிளேடு போட்டுருவானுங்க சகலை. உள்ள ரெஜிஸ்டரு இருக்கு. ரெண்டு நாள் பத்திரமா வச்சிருங்க."

"வச்சிட்டுப் போங்க" என்றேன்.

மனைவி அதை அலமாரி ஆணியில் மாட்டினாள். மறுநாள் காலை ஒரு மோட்டார் கொட்டகையிலிருந்து ஆள் வந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. காக்கிப் பை முந்தின நாள் நனைந்தது, இன்னும் காயவில்லை. நான் ஆணியிலிருந்த பையை எடுத்தேன். ரெஜிஸ்டர், நீளக் கையுறைகள் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"அது வச்சிட்டுப் போன சாமான்" என்றாள் மனைவி.

"ஒரு நாள்தானே."

"அவரு இருந்தப்பக் கேக்கறதுக்கென்ன?"

சாமானை நிரப்பி மாட்டிக்கொண்டேன்.

நடந்ததை உள்ளபடியே சொல்கிறேன். அந்தப் பை மோசமாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நன்றாக இருந்தது. நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. வரப்பில் நடக்கையில் முதுகோடு ஒட்டி இருந்தது, ஆடவில்லை. குனிந்தால் முன்னால் சரியவில்லை. வாய்க்காலைத் தாண்டும்போது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தாண்டினேன். மழை வலுத்தது, உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. கொட்டகைக்காரரின் மனைவி, "மோட்டாரு இன்னைக்கு ஆபீசர் மாதிரி வருது" என்றார். இந்த நாலு வருஷமும் எனக்கு வர வேண்டியது இன்னொருவர் தோளில் இருந்தது என்று அன்று உறுதியாகத் தெரிந்தது.

வேலை முடிந்து வீடு திரும்பியபோதுதான் பார்த்தேன். கிரீஸ் டப்பாவின் மூடி உள்ளே கழன்று, பையின் ஒரு பக்கம் முழுவதும் கறுப்பாகப் பரவியிருந்தது.

கிரீஸ் எனக்குப் புதிதில்லை. கையில் பட்டாலும் சட்டையில் பட்டாலும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்போம், போய்விடும். மண்ணெண்ணெயில் தேய்த்தேன். கறை வெளுத்ததே தவிரப் போகவில்லை. பெட்ரோலில் துணியை நனைத்துத் தேய்த்தேன். கறை போய்விட்டது. மனைவியிடம் காட்டி, "பாத்தியா" என்றுகூடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பையின் துணிமேல் பூசியிருந்த பூச்சு இளக ஆரம்பித்தது. தொட்டால் பலாப்பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. உரித்தால் தோல் தோலாக வந்தது. காயவைத்துப் பார்த்தேன். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். உள்ளே ஒழுகியது.

சகலை சொன்னபடி மறுநாள் வந்தார். மொட்டைத் தலையோடு பிள்ளை, கையில் பேரீச்சம்பழப் பொட்டலம். எனக்கு இரண்டு பொய்கள் தயாராக இருந்தன. ஒன்றில் எலி இருந்தது. அவர் பையை வாங்கினார். உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. மெதுவாகப் பிரித்தெடுத்தார்.

"என்ன ஆச்சு?"

"கிரீஸ் பட்டுது. பெட்ரோல் போட்டுத் தொடச்சேன்."

"அலமாரியில இருந்த பையில எப்பிடி கிரீஸ் படும்?"

"நான் வேலைக்கு எடுத்துட்டுப் போனேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் பிள்ளையின் மொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சகலை. ஒரு வாரம் வேணும்னாக்கூட குடுத்திருப்பேன்."

நான் அலமாரியில் இருந்த ரெஜிஸ்டரையும் கையுறைகளையும் எடுத்து வந்து நீட்டினேன்.

"இனிமே தண்ணி தாங்குமா?"

"தாங்காது."

"அப்ப நீங்களே வச்சிக்கங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பேரீச்சம்பழத்தை என் மனைவியிடம் கொட்டிக் கொடுத்துவிட்டு, பழம் இருந்த பிளாஸ்டிக் உறையில் ரெஜிஸ்டரைச் சுருட்டி வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

அந்த வாரமே அடைமழையில் ரெஜிஸ்டர் ஊறிப்போனது. எந்த வீட்டு மாட்டுக்கு எந்தத் தேதியில் ஊசி போட்டது என்கிற விவரம் முழுக்க மையாகக் கரைந்துவிட்டது. கன்று எப்போது விழும் என்று கேட்பவர்களுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் டாக்டர் என்று கூப்பிட்டவர்கள், "தேதிகூடத் தெரியாத டாக்டர்" என்றார்களாம். வீடு வீடாகப் போய், உங்கள் மாட்டுக்கு என்றைக்கு ஊசி போட்டேன் என்று அவரே கேட்டு எழுதினாராம். தன் தங்கை சொன்னதாக என் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மைத்துனன் அடுத்த தடவை வருவதற்கு முன்பும் கடிதம் போட்டான். அதே கேள்வி. இந்தத் தடவை நானே எழுதுகிறேன் என்றேன். நான் ஐந்தாவது வரை போனவன். சாமான் பட்டியல் எழுதுவேன், மோட்டார் நம்பர் எழுதுவேன். கடிதம் என்று ஒன்று அதுவரை எழுதியதில்லை. ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

'தம்பிக்கு. நாங்கள் நலம். சின்ன அத்தானின் பையை நான் எடுத்துக் கெடுத்துவிட்டேன். அதே மாதிரிப் பை வேண்டும்' என்று எழுதி, எத்தனை என்று எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டுன்னு போடுங்களேன். குடியா முழுகிடும்?"

எனக்கும் ரெண்டு என்று எழுதத்தான் கை வந்தது. ஆனால் ரெண்டு என்று எழுதினால், எனக்கு ஒன்று வாங்குவதற்காகத்தான் அவர் பையைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று ஆகிவிடும். தம்பி அப்படி நினைக்காவிட்டாலும் நான் நினைப்பேன். 'ஒன்று' என்று எழுதினேன். ஒட்டி, தபால்பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போதே, ரெண்டு என்று எழுதியிருக்கலாம் என்று தோன்றியது.

பெட்டி திறந்தார்கள். எனக்கு முதலில் கைலி, தைலம். பிறகு பை. இந்தத் தடவை கருநீலம். முந்தினதைவிடவும் கனம் குறைவு. பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்கத் தனி அறை. பட்டையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, இருட்டில் வெளிச்சம் பட்டால் மின்னுமாம்.

"சின்னத்தான், இது பெரியத்தான் எழுதிக் கேட்டது. அவங்களே எழுதுன லெட்டரு. நான் எடுத்து வச்சிருக்கேன்."

சகலை பையை வாங்கினார். எழுந்து மாட்டிப் பார்த்தார், பட்டையை ஏற்றி இறக்கினார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே மைத்துனனிடம் கேட்டார்.

"மாப்ள, பெட்ரோல் பங்கு ஏதாவது கொண்டு வந்தீங்களா சகலைக்கு?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். எங்களுக்குள் பேச்சு அந்தச் சிரிப்பில்தான் பழையபடி ஆயிற்று. அதற்கு நான் சந்தோஷப்பட்டேன், அது பொய்யில்லை. ஆனால் அவர் அந்தக் கருநீலப் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றபோது, நாலு வருஷத்துக்கு முன்னால் எரிந்த அதே இடத்தில் எனக்கு மறுபடி எரிந்தது. அதை வாங்கச் சொன்னது நானே என்பதால் ஒரு துளியும் குறையவில்லை.

பொழுது சாய்ந்து இருவரும் ஒன்றாகத்தான் புறப்பட்டோம். என் தோளில் அந்தப் பழைய சாம்பல் பை, ஒட்டாமல் இருக்க முகப்பவுடர் தூவியது. வாய்க்கால் கரையில் அவர் மொபெட் என் சைக்கிளைத் தாண்டி முன்னால் போயிற்று. தூறல் விழுந்தது. முதல் தடவை மைத்துனன் கொடுத்த டார்ச் என் கையில் இருந்தது. பாதைக்குத்தான் அடித்தேன். வெளிச்சம் தூரத்தில் அவர் முதுகில் பட்டு, அந்த வெள்ளைக் கோடு பளிச்சென்று மின்னியது. பாலத்தில் திரும்பி அவர் மறைகிற வரைக்கும் நான் டார்ச்சைக் கீழே இறக்கவில்லை.